செங்கல் நிறமும் அடிவண்டலும்: முதிர்ந்த கேபர்னே ஒயின் பற்றி வாசகர் கேள்விகள்

முதிர்ந்த சிவப்பு ஒயின் பற்றி இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், ஆசையோடு திறந்த பழைய புட்டி எதிர்பார்த்தபடி இல்லை என்ற ஒரே குறையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. அதனால் இப்பகுதி முழுவதையும் கேபர்னே சாவின்யோன் என்னும் கருந்திராட்சை வகையை முதன்மையாகக் கொண்ட கலவைகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நண்பர் ஒருவர் பிரான்சின் போர்தோ பகுதியில் செய்த 2001ஆம் ஆண்டு ஒயின் ஒன்றைப் பரிசளித்தார். கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங்க் ஆகிய மூன்று திராட்சைகளும் கலந்தது என்று பின்பக்கச் சீட்டில் எழுதியிருந்தது. திறந்து ஊற்றினால் நிறம் மங்கிச் செங்கல் போல இருக்கிறது, பழ வாசனை ஏறக்குறைய இல்லை, அடியில் கறுப்பாகச் சேறு படிந்திருக்கிறது. இது கெட்டுப்போய்விட்டதா?

பதில்: நீங்கள் கூறும் மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒயின் முதிர்ந்திருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும், கெட்டுவிட்டது என்று சொல்ல அவை போதா.

கேபர்னே சாவின்யோன் சிறிய பழம். அதன் தோல் தடித்தது. சதையோடு ஒப்பிட்டால் விதையின் பங்கு அதிகம். சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்தும், துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவதால், இந்தப் பழத்தின் ஒயின் இளமையில் மை போலக் கறுத்தும், ஈறு வரை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடும் இருக்கும். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணிவந்த துவர்ப்பு, நாக்கு அறியும் சுவை என்பதைவிட வாய் முழுவதும் உணரும் உலர்ச்சி என்பதே பொருந்தும். டானின் எனப்படும் சேர்மங்கள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பைக் குறைத்துவிடுவதால் அது உண்டாகிறது. பால் சேர்க்காத கடுந்தேநீரைக் குடித்தவுடன் கன்னத்தின் உட்புறம் சொரசொரப்பாவது இதே காரணத்தால்தான்.

புட்டிக்குள் ஆண்டுகள் கழியக் கழிய இந்த டானின்கள் ஒன்றோடொன்றும், ஆந்தோசயனின் என்னும் நிறமிகளோடும் இணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. கரைந்து நிற்க முடியாத அளவுக்குப் பெருத்தவை கீழே படிகின்றன. ஆகவே நீங்கள் சேறு என்று குறிப்பிட்ட வண்டல், இருபது ஆண்டுகளுக்கு முன்னால் உங்கள் நாக்கை உலர்த்தியிருக்கக்கூடிய பொருளேதான். நிறமிகளில் ஒரு பகுதி படிந்துவிடுவதாலும், எஞ்சியவை உருமாறுவதாலும், ஊதா கலந்த கருஞ்சிவப்பு முதலில் மாணிக்கச் சிவப்பாகவும், பிறகு விளிம்பிலிருந்து தொடங்கிச் செங்கல் நிறமாகவும் மாறுகிறது. வெள்ளைத்தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடியுங்கள்: நடுவில் சிவப்பும், விளிம்பில் விரல் அகலத்துக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பும் தெரிந்தால் வயதுக்குரிய நிறம் அது. நடுவிலும் சிவப்பே இல்லாமல் முழுவதும் காப்பிப் பழுப்பாக இருந்தால் மட்டும் ஐயப்படலாம்.

வாசனைக்கு வருவோம். இளம் கேபர்னேயில் பிளாக்கரன்ட் என்னும் சிறு கரும்பழம், பிளம் போன்ற பழ வாசனைகள் முன்னால் நிற்கும். ஓக் பீப்பாயில் இருந்ததால் வனிலாவும் கிராம்பும் அவற்றோடு சேரும். காலம் செல்லச் செல்ல இவை பின்வாங்கி, தேவதாரு மரம், உலர்ந்த புகையிலை, பழைய தோல், மழைக்குப் பின் காட்டுத்தரை, காளான் ஆகியவற்றை நினைவூட்டும் வாசனைகள் மேலே வருகின்றன. பழம் மறைந்துவிடுவதில்லை, பறித்த பழமாக இருந்தது உலர்ந்த பழமாகியிருக்கும். புதுப்பழத்தைத் தேடிக்கொண்டு பழைய ஒயினை முகர்ந்தால், அங்கே இருப்பது எதுவும் மூக்கில் ஏறாது. உங்களுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

உண்மையாகவே கெட்டுப்போனதை அறிய மூன்று அடையாளங்கள் போதும். ஈரமான அட்டைப்பெட்டியின் வாடையடித்தால் அது தக்கையின் கேடு. ட்ரைக்ளோரோஅனிசோல் என்னும் சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஒயினின் வாசனையை அமுக்கிவிடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் காற்றாட வைத்தாலும் சரியாகாது. காடியின் புளிப்போ நகப்பூச்சின் நெடியோ மூக்கைக் குத்தினால் பாக்டீரியா தன் வேலையை முடித்துவிட்டது. நறுக்கிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாடையோடு சுவை தட்டையாக இருந்தால் காற்று உள்ளே புகுந்து ஆக்ஸிஜனேற்றம் நடந்திருக்கிறது. இவற்றில் எதுவும் இல்லையெனில் புட்டியில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். தெளிவாக இறுத்துக் கோப்பையில் கால் பங்கு மட்டும் ஊற்றி, இருபது நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: கேபர்னே சாவின்யோன் அவ்வளவு உயர்ந்த பழம் என்றால் அதனோடு பிறவற்றை ஏன் கலக்க வேண்டும்? கலப்பு என்றாலே தரக்குறைவு என்றல்லவா நினைக்கத் தோன்றுகிறது?

பதில்: பாலில் தண்ணீர் கலப்பதையும் ஒயினில் ஒயின் கலப்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. போர்தோவில் கலவைதான் மரபு. ஒரே பழத்தில் செய்த ஒயின் அங்கே விதிவிலக்கு.

இதன் தொடக்கம் சுவையில் இல்லை, வானிலையில் இருக்கிறது. கேபர்னே சாவின்யோன் தாமதமாகப் பழுப்பது. மெர்லோ அதற்கு முன்பே பழுத்துவிடும். இலையுதிர்காலத்து மழை முந்திக்கொண்டால் கேபர்னே அடிபடும். மெர்லோ முன்னதாகவே துளிர்ப்பதால் இளவேனிலின் உறைபனி அதைத் தாக்கும். இரண்டையும் வைத்திருப்பவருக்கு எந்த ஆண்டும் முழுத் தோல்வியாக முடிவதில்லை. நாளடைவில் இந்தத் தற்காப்பே ஒரு சுவையை உருவாக்கியது. கேபர்னே ஒயின் வாயில் நுழையும்போதும் முடியும்போதும் உறுதியாக இருந்து, நடுவே சற்று வெறுமையாகத் தோன்றும். மெர்லோவின் சதைப்பற்று அந்த நடுவை நிரப்புகிறது. கேபர்னே ஃபிராங்க் மணத்தைக் கொடுக்கிறது. பெத்தி வெர்தோ, சில விழுக்காடு மட்டுமே சேர்ந்தாலும், நிறத்தையும் காரமான ஒரு சாயலையும் கூட்டுகிறது. மால்பெக்கும் கார்மெனேரும் போர்தோ பழங்களின் பழைய பட்டியலில் உள்ளவை. இன்று மால்பெக் என்றால் அர்ஜென்டினாவும் கார்மெனேர் என்றால் சிலியும்தான் நினைவுக்கு வருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேபர்னே சாவின்யோனே ஒரு கலப்பின் குழந்தைதான். கேபர்னே ஃபிராங்க் என்னும் கருந்திராட்சையும் சாவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையும் தோட்டத்தில் தாமாகவே கலந்து பிறந்தது அது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையின் வழியாக 1997இல் வெளியிட்டனர். இரண்டு பெற்றோரின் பெயரும் பிள்ளையின் பெயரிலேயே இருந்தும், அதுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போர்தோவிலேயே ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில், மெடோக் பகுதியின் பொய்யாக், சாங்-ஜூலியன், மார்கோ முதலிய ஊர்களில், சரளைக்கல் நிலத்தில் கேபர்னே முதலிடம் பெறுகிறது. வலக்கரையில் களிமண் மிகுந்த இடங்களில் மெர்லோவே தலைமை ஏற்கிறது. போர்தோவுக்கு வெளியே இந்த மரபு பல உருவம் எடுத்திருக்கிறது. இத்தாலியின் போல்கெரியில் சஸ்ஸிகாயா இரண்டு கேபர்னேக்களையும் சேர்க்கிறது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஷத்தோ மூசார் கேபர்னேயோடு சான்சோ, கரின்யான் ஆகியவற்றைச் சேர்க்கிறது. ஆஸ்திரேலியர்கள் கேபர்னேயோடு ஷிராஸைக் கலப்பதைத் தங்கள் சொந்த வழியாகவே ஆக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒரு பழத்தின் பெயரைச் சீட்டில் போட வேண்டுமென்றால் பொதுவாக அந்தப் பழம் 75 விழுக்காடாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த கலவைகளுக்குப் பெயர் இல்லாமல் போனதால்தான் 1988இல் மெரிட்டேஜ் என்ற சொல்லைப் புதிதாக ஆக்கினார்கள். எனவே சீட்டில் பழத்தின் பெயர் இல்லை என்பதற்காக ஒயினைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தயாரிப்பாளர் பல நேரங்களில் விழுக்காட்டைப் பின்பக்கச் சீட்டில் கொடுத்திருப்பார்.

கேள்வி: பழைய ஒயினைக் குடுவையில் ஊற்றிச் சில மணி நேரம் வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர், ஊற்றவே கூடாது என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு வேலைகளை ஒரே வேலையாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. வண்டலைப் பிரிப்பது ஒன்று, காற்றாட விடுவது மற்றொன்று. இளம் கேபர்னேக்குக் காற்று நல்லது; துவர்ப்பு சற்று இளகும், மூடிக்கிடக்கும் மணம் வெளிவரும். முதிர்ந்த ஒயினுக்கு வண்டல் நீக்கம்தான் தேவை. காற்று அதற்கு மருந்தாகலாம், நஞ்சுமாகலாம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். ஏறக்குறைய முப்பது ஆண்டு முதிர்ந்த ஒரு கலவையை விருந்தினர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே அகன்ற குடுவையில் ஊற்றி வைத்தேன். ஊற்றியவுடன் ஒரு வாய் சுவைத்தபோது தேவதாருவும் உலர்ந்த ரோஜாவிதழும் அறை முழுவதும் இருந்தன. விருந்தினர் உட்கார்ந்த நேரத்தில் குடுவையில் இருந்தது வெந்நீரில் நனைத்த மரத்துண்டின் சாறு. யாரும் குறை சொல்லவில்லை, மரியாதைக்காகக் குடித்தார்கள். அந்த முதல் வாயை நான் மட்டும் குடித்துவிட்டேனே என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை. போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமீல் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும் இறுத்துங்கள், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் செய்யுங்கள் என்று வலியுறுத்தியவர்; அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

இறுத்தும் முறை எளியது, அவசரம் மட்டும் ஆகாது. படுக்கவைத்திருந்த புட்டியை ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடிக்கு இறங்கட்டும். கழுத்தைச் சுற்றியுள்ள உறையை முழுவதுமாக நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் கழுத்துக்குள் நடப்பது தெரியாது. தக்கையை ஆட்டாமல் எடுத்தபின், புட்டியின் தோளுக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியோ கைவிளக்கோ இருக்கும்படி அமைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் அலையாகக் கலங்கிவிடும். முதலில் வெளிச்சத்தில் தெளிந்த சிவப்பு ஓடும். பிறகு புகை போல மெல்லிய இழை ஒன்று தோளை நோக்கி ஊர்ந்து வரும். அந்த இழை கழுத்தை எட்டும்போது கையை நிறுத்திவிடுங்கள். போர்தோ புட்டிக்கு உயர்ந்த தோள் இருப்பது இந்த நேரத்தில் மிகவும் உதவுகிறது. கனத்த வண்டல் அங்கே தங்கிவிடும். அடியில் ஒன்றிரண்டு விரல் அளவு வீணாவதைப் பற்றி வருந்த வேண்டாம். இதற்கு அகன்ற குடுவையை எடுக்காமல் ஒடுங்கியதை எடுங்கள். அல்லது குடுவையே வேண்டாம் என்று நேராகக் கோப்பைகளில் ஊற்றிவிடலாம். புட்டியை நிமிர்த்தாமல் எல்லாக் கோப்பைகளையும் ஒரே மூச்சில் நிரப்பும் கைப்பழக்கம் இருந்தால்.

பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். அறை அதைவிட வெப்பமாக இருந்தால் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதில் தவறில்லை. வெப்பம் கூடினால் ஆல்கஹாலின் நெடி எழுந்து, நுட்பமான மணங்கள் அனைத்தையும் மறைத்துவிடும்.

கேள்வி: எல்லா ஒயினும் வைத்திருந்தால் நன்றாகும் என்பது உண்மையா?

பதில்: இல்லை. உலகில் செய்யப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. நீண்ட காலம் தாங்குவதற்கு டானின், புளிப்பு, செறிந்த பழம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். துவர்ப்பு மட்டும் மிகுந்த ஒயின், பழம் வற்றிய பின்னும் துவர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

எது தாங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் அறிந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டு மே 24 அன்று பாரிஸில் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய பெயர் மறைத்த சுவைத்தேர்வில், பிரெஞ்சு நடுவர்கள் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸின் 1973 கேபர்னேயைப் போர்தோவின் பெரும்பெயர்களுக்கு மேலே வைத்தார்கள். கலிபோர்னிய ஒயின் இளமையில் கவரும், முதுமையில் போர்தோவே வெல்லும் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து, 2006இல், அதே ஒயின்களை மீண்டும் சுவைத்தபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே சென்றன. முதலாவதாக வந்த ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971, முதல் தேர்வில் ஐந்தாம் இடத்தில் இருந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அதிர்வில்லாத இடம், தக்கை காயாமலிருக்கப் படுக்கவைத்த நிலை. வெப்பநிலை சற்றுக் கூடுதலாக ஒரே நிலையில் இருப்பதைவிட, ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது மோசமானது. தக்கை விரிந்து சுருங்கிக் காற்றுக்கு வழிவிடும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் மேக்னம் புட்டியில், ஒயினின் அளவுக்குக் காற்றின் பங்கு குறைவென்பதால், முதிர்ச்சி மெதுவாக நடக்கும்.

கேள்வி: சீட்டில் எழுதியிருக்கும் தேவதாரு, பென்சில், காட்டுத்தரை எதுவும் எனக்குத் தெரிவதில்லை. என் மூக்கில் ஏதும் குறையா?

பதில்: குறை மூக்கில் இல்லை, சொல்லில்தான். ஒயினுக்குள் தேவதாரு கிடையாது. அதை நினைவூட்டும் சேர்மங்கள் இருக்கின்றன, நினைவு உங்களுடையதாக இருக்க வேண்டும். தேவதாருவை முகர்ந்தே அறியாதவருக்கு அந்த மணம், திறக்காமல் கிடந்த மர அலமாரியாகவோ, சீவிய பென்சிலின் தூளாகவோ தோன்றினால் அதுவும் முழுக்கச் சரியே.

பிறர் பட்டியலைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு, மாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள். முதிர்ந்த கலவை ஒன்றைக் கோப்பையில் ஊற்றியவுடன் ஒரு முறை, கால் மணி நேரம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை முகர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல்லை எழுதுங்கள். திறந்தவுடன் சற்றே மூடிய அறையின் வாடையடிக்கும். அது விலகிய பின்னர் மண்ணும் இலையும் வரும். இறுதியில், நீங்கள் எதிர்பாராத நேரத்தில், பழம் ஒரு முறை இனிப்பாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். கோப்பையைக் காலி செய்துவிட்டு அதை மறுபடி முகருங்கள். நல்ல ஒயின் வெறுங்கோப்பையிலும் நெடுநேரம் தங்கும். பச்சைக் குடைமிளகாயின் வாசனை மட்டும் உங்களுக்கு ஐயமின்றித் தெரிந்தால் அதற்குக் காரணம் மெத்தாக்ஸிபைரசீன் என்னும் சேர்மம்; கேபர்னே குடும்பத்துக்கே உரியது, பழம் முழுமையாகப் பழுக்காத ஆண்டுகளில் தூக்கலாக இருக்கும். சிறிதளவு எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்களும் உண்டு.

கேள்வி: பழைய சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: நலத்துக்காகக் குடிக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்துவிட்டது. முதிர்ந்த ஒயினுக்கு அதில் விலக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: தக்கை பாதியில் முறிந்துவிட்டது. மீதியை உள்ளே தள்ளிவிடலாமா?

பதில்: கடைசி வழியாகத்தான். இருபது ஆண்டு கடந்த தக்கை ஊறி மென்மையாகியிருக்கும். திருகாணி அதைப் பிளந்துவிடும். தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் இரண்டு பக்கமும் செருகிச் சுழற்றி எடுக்கும் இரட்டைத்தகட்டுத் திறப்பான் இதற்கென்றே இருக்கிறது. உள்ளே விழுந்துவிட்டால் துகளை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், சுவை கெடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே ஒரு புட்டி, 2010ஆம் ஆண்டுப் பொய்யாக். எப்போது திறக்கலாம்?

பதில்: பன்னிரண்டு புட்டி உள்ள பெட்டியை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து அதன் போக்கை அறியலாம், உங்களுக்கு அந்த வசதி இல்லை. கேபர்னே கலவைகள் சில ஆண்டுகள் மணமும் பழமும் அடங்கி ஊமையாகிவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் திறந்தவர் ஏமாறுகிறார். 2010 போர்தோவில் புளிப்பும் டானினும் மிகுந்த, நீண்ட காலம் தாங்கக்கூடிய ஆண்டு. நல்ல தயாரிப்பாளருடையதாகவும், நல்ல இடத்தில் வைக்கப்பட்டதாகவும் இருந்தால் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் முதலில் புட்டியை வெளிச்சத்தில் நிமிர்த்திப் பாருங்கள். ஒயினின் மட்டம் கழுத்தில் இருந்தால் காத்திருங்கள். தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தாலோ, தக்கையின் மேல் பிசுபிசுப்பாகக் கசிவு தெரிந்தாலோ, இந்த வாரக் கடைசியிலேயே திறந்துவிடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நிமிர்த்தி வைக்க மறக்க வேண்டாம்.